ஏழு மரியம்மையும் ஒரு கார்டும்

(1952 டிசம்பர் 14, ஞாயிறு மாலை. அஞ்சல்காரர் குமாரதாஸ் மறைவுக்காக வாசகசாலைக் கொட்டகையில் கூடிய இரங்கல் கூட்டத்தில் போஸ்ட்மாஸ்டர் கிருஷ்ணமணி பேசியது.)

கூட்டத்தின் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர் திரு. ஜெயசிங் அவர்களே! புன்னைத்துறைக் கடற்கரையின் ஊர்க்கமிட்டித் தலைவர் திரு. ஞானதாசன் அவர்களே! கணவரைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாணம்மாள் அம்மா அவர்களே! வயலிலிருந்தும் விளைகளிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் துயரத்தோடு என் வணக்கம்.

துயரத்தோடு என்று சொன்னேன். பயத்தோடும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மறைத்து என்ன ஆகப்போகிறது? என் சட்டைப்பையில் ஒரு கார்டு இருக்கிறது. திங்கட்கிழமை முதல் இருக்கிறது. கொழும்பிலிருந்து ஒரு தாய்க்கு வந்த கார்டு. அந்தத் தாய் யார் என்று எனக்குத் தெரியாது. நாளை மறுநாள், செவ்வாய்க்கிழமைக்குள் அவள் பதில் அங்கே போய்ச் சேராவிட்டால் அவளுடைய மகன் பிழைப்பது சந்தேகம். அவள் யார் என்று தெரிந்த ஒரே மனிதருக்குத்தான் இன்று இரங்கல் கூட்டம் போட்டிருக்கிறோம்! அதோ, அந்த நாற்காலியில் மாலை போட்டு வைத்திருக்கிறோமே, அவருடைய தபால் பை, அதுதான் மிச்சம். மனிதர் முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தத் தாய் கடற்கரைக்காரி; கடற்கரைப் பெண்களோ இன்னும் வரவில்லை. கோயிலில் நவநாள் ஜெபம் முடிந்து வந்துகொண்டிருக்கிறார்கள் என்கிறார்கள். "அவிய வருவது வரைக்கும் குமாரதாசைப் பத்திப் பேசும் ஓய், வெப்ராளப்படாதியும்" என்று, நான் பதறுவதைப் பார்த்து, ஜெயசிங் சார் சொல்லியிருக்கிறார். பேசுகிறேன். நாகர்கோவிலுக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு. தந்தி ஆபீஸ் அங்கேதான். இப்போது மணி ஐந்தாகப் பத்து நிமிடம். பேசுகிறேன்.

யார் இந்தக் குமாரதாஸ்? பதினெட்டு வயதில் திருவிதாங்கூர் அஞ்சலில் சேர்ந்தவர். சலங்கை கட்டிய கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு அஞ்சல் மூட்டையோடு ஓடியவர். போன வருடம் நம் அஞ்சல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. சங்கு போட்ட ஸ்டாம்பு போயிற்று, கம்பு போயிற்று. காக்கிச் சட்டை வந்தது, விதிப்புத்தகம் வந்தது, அந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அஞ்சுகிராமத்திலிருந்து நானும் வந்தேன். முதல் நாள் புதுக் காக்கியோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "சட்டை புதுசு, பையி புதுசு, மாஸ்டரும் புதுசு. காலு ரெண்டும் மட்டும் பழசு சார், அதுக்கும் ஒரு இண்டெண்டு போடும்" என்றார். நான் சிரிக்கவில்லை. ஆபீசுக்குச் சாமான் கேட்டு எழுதும் இண்டெண்டில் கால் வராது என்று பதில் சொன்னேன். ஆமாம், அப்படியேதான் சொன்னேன்! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், அவருக்கு அதுதான் அஞ்சலி. அஞ்சுகிராமத்துக்காரர்கள் சிரிக்கவே மாட்டார்களா என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகச் சிரிப்பார்கள். எனக்குத்தான் வராது. என் மனைவி பகவதியம்மாளைக் கேட்டால் சொல்லுவாள்.

அவர் சுமந்தது கடிதம் மட்டுமா? வயலும் விளையுமாக இருக்கும் மேட்டில் கேட்ட சொலவடையைக் கடற்கரைக்குக் கொண்டுபோவார், கடற்கரையில் கேட்ட கிண்டலை மேட்டுக்குக் கொண்டுவருவார். அதில் ஒரு நயம் பாருங்கள். கடற்கரையில் ஒரு மடையன் கதை கேட்டால், மேட்டில் அதைச் சொல்லும்போது மடையன் கடற்கரைக்காரனாக இருக்கமாட்டான். மேட்டுக் கதை கடற்கரைக்குப் போகும்போது மடையன் மேட்டுக்காரனாக இருக்கமாட்டான். இரண்டு இடத்திலும் மடையன் ஓர் அஞ்சல்காரன்! இப்படி எத்தனை வருடம் தன் தலையிலேயே மண்ணைப் போட்டுக்கொண்டு நம்மைச் சிரிக்க வைத்திருக்கிறார்! நமக்குள் எத்தனை சண்டை வராமல் போனது இதனால் என்று யார் கணக்கெடுத்தோம்?

வெள்ளமோடியில் அண்ணனும் தம்பியும் ஒரு வரப்புத் தென்னைக்காக நாகர்கோவில் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். அவர்களுக்கு வக்கீல் கடிதம் வரும்போதெல்லாம் குமாரதாஸ் அதை நீட்டிக்கொண்டே சொல்லுவார், "ஆனை அசைஞ்சு தின்னும், வீடு அசையாம தின்னும், கோர்ட்டு கூப்பிட்டு வச்சுத் தின்னும். கையெழுத்துப் போடும்." உடனே திருந்தினார்களா? இல்லை. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வக்கீலைப் பார்க்கப் போனார்கள். தென்னை பட்டுப்போன பிறகுதான் கேஸ் முடிந்தது. ஆனால் இரண்டு பேரும் இன்று இங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் பார்த்தேன்.

அதே மனிதர் கையில் துக்கச் செய்தி இருந்தால் ஒரு கிண்டலும் வராது. முத்துக்கனி அம்மா, நீங்கள் அழவேண்டாம், உங்களைச் சொல்லாமல் என்னால் பேசமுடியாது. பினாங்கிலிருந்து உங்கள் வீட்டுக்காரர் தவறிவிட்டதாகத் தந்தி வந்த அன்று குமாரதாஸ் உங்கள் முற்றத்தில் போய் நின்று என்ன கேட்டார்? "தின்னாச்சா பிள்ளே?" என்று கேட்டார். "இல்ல அண்ணாச்சி, இப்பம்தான் உலை வச்சேன்" என்றீர்கள். "எனக்கும் வயிறு காயுது, சோறு வடி, ரெண்டு பேருமாத் திம்போம்" என்று உட்கார்ந்துவிட்டார். நீங்கள் தின்று கை கழுவின பிறகுதான் தந்தியை எடுத்தார். நான் என்ன செய்தேன்? தந்தி நாற்பது நிமிடம் தாமதம் என்று மெமோ கொடுத்தேன்! அதற்கு அவர் எழுதிக் கொடுத்த பதிலை மனப்பாடமாகவே சொல்லுகிறேன். "தந்தி நாற்பது நிமிடம் பிந்தியது உண்மை. அதன் பிறகு அந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் பதிவு செய்துகொள்ள வேண்டியது." இதை இரண்டு தரம் படித்தேன். பிறகு ஃபைலில் வைத்தேன். மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை. இனி யாரிடம் கேட்பது?

வந்துவிட்டார்களா? இல்லையா? வாசலில் யாரோ... சரி, சரி, பீடிக்கடைக்காரர். மணி ஐந்து.

நண்பர்களே, இனி நான் சொல்லப்போவது வட்டப்பேரைப் பற்றி, அதாவது ஊர் வைக்கும் பட்டப்பெயரைப் பற்றி. முகம் சுளிக்காதீர்கள். ஞானதாசன் அவர்களே, கோபிக்கவேண்டாம். கடற்கரையில் புனிதர்களின் பெயரைத்தான் பிள்ளைகளுக்கு வைக்கிறீர்கள். புனிதர்கள் கொஞ்சம், பிள்ளைகள் அதிகம்! புன்னைத்துறையில் மட்டும் மிக்கேல் பத்தொன்பது பேர். மேட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? இசக்கி என்று கூப்பிட்டால் அரைத்தெரு திரும்பிப் பார்க்கும். கொழும்பிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கடிதம் வருகிறது. வீட்டு நம்பர் உண்டா? தெருப் பெயர் உண்டா? வெறும் மிக்கேல், புன்னைத்துறை. குமாரதாஸ் எப்படிக் கொண்டுபோய்க் கொடுத்தார்? ஒவ்வொரு வீட்டுக்கும் ஊர் வைத்திருக்கிற வட்டப்பேர் அவருக்குத் தெரியும். எழுதுகிறவர்களுக்கும் அது தெரியும். கடிதத்தின் மூலையில் அதைப் பொடியாக எழுதிவிடுவார்கள். அந்த வீட்டு வாசலில் நின்று அந்தப் பேரை அவர் ஒருநாளும் உச்சரித்ததில்லை. கடிதம் மட்டும் சரியாகப் போய்ச் சேரும்.

மறைந்துபோனவர்களின் பேர் ஒன்றிரண்டு சொல்லலாம், அவர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள். ஒருவர் 'உப்பில்லாக்கறி'. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்து மூன்று தரம் வாங்கித் தின்றுவிட்டு உப்பில்லை என்று சொன்னாராம். இன்னொருவர் 'நாளைக்கழிஞ்சு'. எதைக் கேட்டாலும் நாளை கழிந்து தருகிறேன் என்பாராம். ஒருநாள் சொன்னது ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும், அவன் பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கும். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? சிரிப்பவர்களுக்கு அது சிரிப்பு. பேர் வாங்கினவன் நெஞ்சில் என்ன இருக்கும் என்று நாம் யோசிப்பதில்லை.

அந்த வட்டப்பேர்களை மறந்துபோகாமல் இருக்க, லீவுக்கு வரும் மாற்று ஆளுக்கும் உதவட்டும் என்று, குமாரதாஸ் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் பலகையில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே பென்சிலால் எழுதி வைத்திருந்தார். நான் வந்த இரண்டாம் வாரம் பார்த்தேன். அரசாங்கப் பலகையில் வசைச்சொல்லா என்று கத்தினேன். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தால் என் வேலை போகும் என்று பயந்தேன். அழிக்கச் சொன்னேன். அவர் சொன்னார், "சார், இது வசவுல்ல, விலாசம். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உமக்குத்தான் கஷ்டம்." நான் கேட்கவில்லை. ஈரத்துணி கொண்டுவந்து என் கண்முன்னாலேயே துடைக்க வைத்தேன். துடைத்தார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூடக் காட்டவில்லை.

நான் செய்தேன் அதை! நீங்கள் இங்கே ஆளுக்கொரு குணம் சொல்லிப் புகழ்ந்தீர்கள். நான் என் குற்றத்தைத்தான் சொல்லமுடியும்.

கார்த்திகை மழையில் நனைந்து வந்தார், நெஞ்சில் சளி கட்டியது, ஐந்து நாள் காய்ச்சல். எட்டு நாளைக்கு முன்னால், சனிக்கிழமை விடியும்போது போய்விட்டார். திங்கட்கிழமைப் பையில் இந்தக் கார்டு வந்தது. பெறுநர், மரியம்மை, புன்னைத்துறை. மரியம்மை எத்தனை பேர்? ஏழு பேர்! கார்டில் மகன் பெயர் சகாயம். ஏழு மரியம்மையில் மூன்று பேருக்குச் சகாயம் என்ற மகன் கொழும்பில் இருக்கிறான். மூன்று பேருக்கும் கணவன் இல்லை. கடைசி வரியில் வட்டப்பேர் இருக்கிறது. அது எந்த மரியம்மையின் பேர்? தாணம்மாள் அம்மாவிடம் ஓடினேன். எட்டாம் நாள் கூடக் கழியாத வீட்டில் போய் நின்று கேட்டேன், பாவி நான். "அவிய அந்தப் பேரொண்ணும் வீட்டில சொல்லமாட்டாவ சார். கேட்டாலும் சோத்தைத் தின்னுட்டி என்னு சொல்லிருவாவ" என்றார்கள்.

பிறகு நான் செய்தது இருக்கிறதே, அதைக் குமாரதாஸ் கேட்டிருந்தால் ஒரு வருடத்துக்குக் கதை சொல்லியிருப்பார். மற்றவர் கடிதத்தில் இருப்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. ஆகவே விஷயத்தைச் சொல்லாமல் வட்டப்பேரை மட்டும் கேட்பது என்று முடிவுசெய்தேன். கடற்கரைக்குப் போய் வீடு வீடாக ஏறி, "அம்மா, உங்கள் வட்டப்பேர் என்ன?" என்று கேட்டேன்! ஒரு மரியம்மை மீன்கூடையை என்மேல் கவிழ்த்தார். ஒருவர், "எனக்க வீட்டுக்கு அப்பிடிப் பேரொண்ணும் கிடையாது, பைய நடயும்" என்றார். ஒருவர் கதவைச் சாத்தினார். ஆண்களிடம் கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் திருநாளில் ஒரு வட்டப்பேரால் இரண்டு வள்ளத்துக்காரர்கள் அடித்துக்கொண்டு ஒருவனுக்கு விரல் போனதாமே. அன்றிலிருந்து பொது இடத்தில் வட்டப்பேர் சொல்லுகிறவன் ஞாயிறு பூசை முழுவதும் கோயில் படியில் முட்டுப்போட வேண்டும் என்று ஊர்க்கட்டு. எனக்கு அது தெரியாது. போலீஸுக்காகத் துப்பு விசாரிக்கிறேன் என்று பேச்சாகிவிட்டது. நான் போகப்போக ஊர் இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொண்டது.

எந்த மரியம்மை என்று கேட்டு, மகனுக்காகக் கார்டு எழுதிக்கொடுத்தவருக்குக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குத் தந்தி அடித்தேன். அவர் ஆஸ்பத்திரியை விட்டுப் போய்விட்டார் என்று திரும்பி வந்தது. அங்கே கிடக்கும் மகனுக்கே அடித்தேன். காய்ச்சலில் கிடக்கிறவன் எங்கே பதில் எழுதுவான்? நேற்று ஒரு தந்திப் பாரத்தில் நானே அம்மை என்று கையெழுத்துப் போட்டு எழுதினேன். கிழித்தேன். மறுபடியும் எழுதினேன், மறுபடியும் கிழித்தேன். இன்னொருத்தி பெற்ற பிள்ளைக்கு இப்படி ஒரு வார்த்தை சொல்ல நான் யார்?

ஆ, வந்துவிட்டார்கள். வாருங்கள் அம்மா, வாருங்கள். இடம் விடுங்கள் அய்யா, அவர்கள் உட்காரட்டும். ஜெயசிங் சார், மணி என்ன? ஐந்து இருபது.

ஞானதாசன் அவர்களே, உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். நான் இந்தக் கார்டைப் படிக்கப் போகிறேன். அது என் உத்தியோக விதிக்கு மீறல். அதில் ஒரு வட்டப்பேர் இருக்கிறது. அது உங்கள் ஊர்க்கட்டுக்கு மீறல். என் வேலை போனால் போகட்டும். அடுத்த ஞாயிறு உங்கள் கோயில் படியில் நான் முட்டுப்போடுகிறேன். நான் சுசீந்திரத்தில் கும்பிடுகிறவன், இருந்தாலும் முட்டு முட்டுதானே, போடுகிறேன்.

அதற்கு முன்னால் இன்னொன்று. இன்னொருவர் வீட்டுப் பேரைச் சபையில் சொல்லப்போகிறவன் தன் பேரை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டாமா? ஒருநாள் குமாரதாஸிடம் கேட்டேன், எனக்கும் வட்டப்பேர் உண்டா என்று. "அது இல்லாத ஆளு இந்தப் பக்கத்தில பொறக்கவும் இல்ல சார், மாறுதல்ல வரவும் இல்ல" என்றார். என்ன பேர் என்று சொல்லமாட்டேன் என்றுவிட்டார். ஆகவே உங்களைக் கேட்கிறேன். என் வட்டப்பேர் என்ன? சொல்லுங்கள்! முகத்துக்கு நேரே சொல்லுங்கள், நான் கோபிக்கமாட்டேன். யாராவது ஒருவர்!

யார் சொன்னது? பின்னால், அந்தப் பொடியன் செல்வனா? உரக்கச் சொல்லு அப்பா. தந்திக்கம்பியா? தந்திக்கம்பி! ஏன் அப்படி? "காத்தடிச்சாலும் எரையும், காத்தடிக்காட்டாலும் எரையும்." எந்நேரமும் சத்தம்தானாம்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஜெயசிங் சார், நீங்களுமா? யார் வைத்தார்கள் இந்தப் பேரை? சொல்லு செல்வா, பயப்படாதே.

குமாரதாஸா!

குமாரதாஸ், நீரா வைத்தீர்? பன்னிரண்டு மாதம் என் முன்னால் கைகட்டி நின்றுகொண்டு, மெமோவுக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டு... சரியாகத்தான் வைத்திருக்கிறீர் ஓய். இதைவிடப் பொருத்தமாக என் தகப்பனார்கூட எனக்குப் பேர் வைக்கவில்லை. நீர் இருக்கும்போது உம்மோடு சேர்ந்து ஒரு தரமாவது சிரித்திருக்கலாம். எனக்கு வாய்க்கவில்லை. அது எனக்குப் பெரிய வருத்தம்.

இனி, கார்டு. தாய்மார்களே, உங்களில் மூன்று பேர் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று பேரையும் பயமுறுத்துகிறேன், எனக்கு வேறு வழியில்லை.

"அன்புள்ள அம்மைக்கு. உங்கள் மகன் சகாயம் சொல்ல, பக்கத்துக் கட்டில் ததேயுஸ் எழுதுவது. துறைமுகத்தில் மூட்டை விழுந்து சகாயத்துக்கு இடது கால் நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருபது நாளாகிறது. இப்போது கால் கறுத்து மேலே ஏறுகிறது. முட்டுக்குக் கீழே எடுக்க வேண்டும், பதினாறாம் தேதி செவ்வாய் வரை பொறுக்கலாம், அதற்குமேல் எடுத்தும் பிரயோசனமில்லை என்று டாக்டர் சொல்லுகிறார். இவன் எடுக்க விடமாட்டேன் என்று நிற்கிறான். அம்மை எடுக்கச் சொன்னால் மட்டும் எடுக்கட்டும் என்கிறான். நாங்கள் சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. உடனே தந்தி கொடுக்கவும். ஊரில் மரியம்மை நிறைய உண்டு, அஞ்சல்காரர் குமாரதாஸ் அண்ணாச்சியிடம் வட்டப்பேர் சொன்னால் போதும் என்கிறான். ரெண்டாங்கஞ்சி வீடு."

ரெண்டாங்கஞ்சி வீடு. படித்துவிட்டேன்.

என்ன, எல்லோரும் தரையைப் பார்க்கிறீர்கள்? ஒருவர்கூட ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லையே! அப்படியானால் உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் இருந்திருக்கிறது! அய்யா, அம்மா, சொல்லுங்கள், பஸ் இன்னும் முப்பது நிமிடத்தில் போய்விடும். ஒரு பையன் அங்கே கால் அழுகிக் கிடக்கிறான். உங்கள் மௌனத்தை வைத்து நான் எந்த வீட்டு விலாசத்தைக் கண்டுபிடிப்பேன்? ஞானதாசன் அவர்களே, நீங்களாவது...

யாரோ எழுந்திருக்கிறார்கள். பின்வரிசையில். ஒதுங்குங்கள். அம்மா, உங்களை எனக்குத் தெரியும். அப்படிப் பேரொன்றும் கிடையாது, பைய நடயும் என்று என்னை அனுப்பியவர் நீங்கள்தான்.

சத்தம் போடாதீர்கள், அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கவேண்டும்.

"நாந்தான் சாரே. யுத்தகாலத்தில அரிசி இல்லாத வருசம், கஞ்சித்தொட்டியில ஒரு ஆளுக்கு ஒரு சட்டி. நான் எனக்க சட்டியை வாங்கிட்டுப் போய் வச்சிட்டு, தலையில துணியை மாத்திப் போட்டுட்டு ரெண்டாவதும் வந்து நின்னேன். வெளம்பினவன் துணியை இழுத்துப் பாத்தான். இந்த ஊரு முழுக்க நின்னு சிரிச்சுது. ஞானதாசரே, நீரும் நின்னீரு. நானும் வாயை மூடிக்கிட்டுப் பேரை வாங்கிட்டுப் போனேன். இத்தனை வருசமா எனக்கு அப்பிடியொரு பேரு இல்லன்னே சொல்லிட்டு நடந்தேன். அஞ்சு நாளுக்கு முன்ன இந்த சாரு முத்தத்தில வந்து நிக்கும்பமும் இல்லன்னுதான் சொன்னேன். எனக்க பிள்ளைக்க காலைக் கையில வச்சிட்டு நிக்காருன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

அழாதீர்கள் அம்மா. மற்ற இரண்டு மரியம்மைகளும் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஞானதாசன் அவர்கள் எழுந்து... இல்லை, வேண்டாம், அவர் பேச வேண்டாம். அவர் தலையைக் குனிந்து நிற்பதே போதும். குற்றம் உங்களுடையதில்லை அம்மா. அந்தப் பலகையைத் துடைக்க வைத்தவன் நான். சபையறியச் சொல்லுகிறேன், நாளைக் காலை புன்னைத்துறைக்குத் தபால் எடுத்துக்கொண்டு நானே நடந்து வருகிறேன். குமாரதாஸ் நடந்த வழியெல்லாம் நடந்து, ஒவ்வொரு வீட்டையும் அவர் அறிந்தமாதிரி அறியும்வரை வருகிறேன். இது அவருக்கு நான் செலுத்தும் அஞ்சலி. எனக்கு வேறு அஞ்சலி தெரியாது.

இப்போது பதில் சொல்லுங்கள் அம்மா. தந்திப் பாரம் கையில் இருக்கிறது. என்ன எழுதட்டும்? யோசிக்க வேண்டுமா?

"யோசிக்க என்ன இருக்கு? எடுக்கச் சொல்லும் சாரே. ஒத்தக்காலோட வந்தா முத்தத்தில இருந்து வலை பின்னட்டும். ரெண்டு காலோட அவனைக் குழியில வச்சா நான் எங்க போவேன்? அம்மை எடுக்கச் சொன்னாளுன்னு எழுதும்."

எழுதிவிட்டேன். 'காலை எடுக்க விடு. அம்மை சொல்லுகிறேன்.' கீழே உங்கள் பெயர் போடவேண்டும். மரியம்மை என்று போடலாமா? அவன் காய்ச்சலில் கிடக்கிறான். வேறு யாரோ எழுதி அனுப்பினார்கள் என்று நினைத்து மறுபடியும் அடம்பிடித்தால் என்ன செய்வது? கொழும்பில் தந்தியை எத்தனையோ பேர் பார்ப்பார்கள் அம்மா, ஆஸ்பத்திரியில் உரக்கப் படிப்பார்கள். வட்டப்பேர் போட உங்களுக்கு விருப்பமில்லை என்றால் நான்...

"ரெண்டாங்கஞ்சின்னே போடும் சாரே. அந்தச் சட்டியைக் குடிச்சது அவந்தானே."

போட்டுவிட்டேன் அம்மா. தலைவர் அவர்களே, மன்னிக்கவேண்டும், நன்றி சொல்ல நேரமில்லை. வழி விடுங்கள் அய்யா, பஸ் ஹாரன் கேட்கிறது.